என் மனைவி கிட்னியில நான் பாத்த நீலப் புள்ளிங்க

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு கல்யாண விருந்து. எங்க மேசையில உக்காந்திருந்த ஒரு அக்கா, என் மனைவிக்கு ரொம்ப நாள் பழக்கம், எஸ்டேட்ல ஒண்ணா பள்ளிக்கூடம் போனவங்க, பையில இருந்து ஒரு போத்தல எடுத்து குடுத்தாங்க. சீந்தில் கொடி, இன்னும் என்னென்னவோ போட்டு காச்சின கஷாயமாம். "உனக்குத்தான் எதிர்ப்பு சக்தி கம்மியாச்சே, காலையில வெறும் வயித்துல ரெண்டு மூடி குடி, ஒரே மாசத்துல உடம்பு இரும்பாட்டம் ஆயிரும்"னாங்க. மனசார குடுத்தாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. என் மனைவியும் சிரிச்சிகிட்டே வாங்கி வச்சிகிட்டா, வீட்டுக்கு வந்ததும் சிங்க்ல ஊத்திட்டா. ஊத்தி முடிச்சி போத்தல கழுவி கவுத்து வைக்கற வரைக்கும் ஒரு வார்த்த பேசல.

அந்த அக்காகிட்ட அங்கயே விளக்கி சொல்லியிருக்கணும்னு அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கு மனசு அடிச்சிகிட்டே இருந்துச்சு. ஆனா நாதஸ்வர சத்தத்துக்கு நடுவுல, சோத்து எலைய வச்சிகிட்டு சொல்ற விஷயமா இது. கிட்னி மாத்தி வச்ச ஒருத்தர் உடம்புல எதிர்ப்பு சக்தின்னு நாம சொல்ற அந்த செல்லுங்க என்ன பண்ணிகிட்டு இருக்கு, எட்டு மணி மாத்திரை அதுங்கள என்ன பண்ணுது, ஏன் "சக்தி கூடணும்"ங்கற வார்த்தைய கேட்டாலே எங்க வீட்டுல வயித்த கலக்குது, இத பொறுமையா எழுதணும்னு உக்காந்திருக்கேன். நான் டாக்டர் இல்ல. ஏழு வருஷத்துக்கு மேல கிளினிக் பெஞ்சில உக்காந்து, கேள்வி கேட்டு, புரியாதத திரும்ப திரும்ப கேட்டு, வீட்டுக்கு வந்து படிச்சி தெரிஞ்சிகிட்டது.

என் மனைவிக்கு இனிப்புநீர் ரெண்டாவது பிள்ள பொறந்த கொஞ்ச வருஷத்துலயே வந்துருச்சு. மாத்திரையிலயே ஓட்டினோம், 2014ல ரெண்டு கிட்னியும் கைவிட்டுருச்சு. அப்புறம் நாலு வருஷம் டயாலிசிஸ், வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். விடியகாலை அஞ்சரைக்கு காடி எடுத்து அவள கொண்டு போய் விட்டுட்டு நான் வேலைக்கு போவேன். தண்ணிய அளந்துதான் குடிக்கணும், புழுக்கமான மத்தியானத்துல ஒரே ஒரு ஐஸ் கட்டிய வாயில போட்டு அது கரையற வரைக்கும் கண்ண மூடிகிட்டு உக்காந்திருப்பா, அத பாக்க முடியாம நான் வெளிய போய் நிப்பேன்.

என் கிட்னிய குடுக்கறதுன்னு நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். என் ரத்தம் ஓ, எனக்கு இனிப்புநீர் இல்ல, பிரஷர் இல்ல, ஸ்கேன் எல்லாம் சுத்தம். ஒவ்வொரு டெஸ்டா தாண்டி வந்து கடைசியில ஒண்ணு பாக்கி இருந்துச்சு, கிராஸ்மேட்ச். குடுக்கறவரோட வெள்ளை அணுக்கள எடுத்து வாங்கறவரோட சீரத்துல போட்டு பாப்பாங்க. வாங்கறவர் ரத்தத்துல அந்த அணுக்களுக்கு எதிரா ஏற்கனவே ஆன்டிபாடி, அதாவது வெளி ஆள அடையாளம் கண்டு ஒட்டிக்கற புரதம், இருந்தா அணு செத்துரும், அதுக்கு பேரு பாசிட்டிவ். 1969லயே பட்டேல், தெராசாகின்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல கணக்கு எடுத்து எழுதியிருக்காங்க, பாசிட்டிவா இருந்தும் கிட்னி வச்ச 30 பேர்ல 24 பேருக்கு அது உடனடியா கெட்டு போச்சு, நெகட்டிவா இருந்த 195 பேர்ல 8 பேருக்குத்தான் அப்படி ஆச்சு. அதுக்கப்புறம் பொதுவா இந்த டெஸ்ட் இல்லாம ஆப்பரேஷனுக்கு போறதில்ல.

எங்களுக்கு பாசிட்டிவ்.

டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு என் மனைவிகிட்ட கேட்ட மொத கேள்வி, "எத்தன பிள்ளைங்கம்மா?" ரெண்டு, 1996ல ஒண்ணு, 1999ல ஒண்ணு. அவர் தலைய ஆட்டிட்டு நிதானமா சொன்னார். நம்ம ஒவ்வொரு செல்லு மேலயும் எச்எல்ஏன்னு ஒரு அடையாளம் இருக்கு, அடையாள கார்டு மாதிரின்னு வச்சிக்கலாம், ஆறாவது குரோமோசோம்ல எழுதியிருக்கும், பாதி அப்பாகிட்ட இருந்து வரும் பாதி அம்மாகிட்ட இருந்து வரும். அப்ப வயித்துல வளர்ற பிள்ளையோட பாதி அடையாளம் புருஷனோடது. பிரசவத்துல பிள்ள ரத்தம் கொஞ்சம் தாய் ரத்தத்துல கலந்துரும், தாயோட செல்லுங்க அந்த புது அடையாளத்த பாத்துட்டு ஆன்டிபாடி செஞ்சி வச்சிரும். பிள்ளைக்கு அதனால ஒண்ணும் ஆகறதில்ல பெரும்பாலும். ஆனா நினைவு செல்லுன்னு ஒரு வகை இருக்கு, அது மறக்காது. ஆன்டிபாடி செய்யற செல்லுங்க எலும்பு மஜ்ஜைக்குள்ள போய் உக்காந்து வருஷக்கணக்கா வேலைய பாத்துகிட்டே இருக்கும். ரத்தம் ஏத்தினவங்களுக்கும், முன்னாடி ஒரு கிட்னி வச்சி போனவங்களுக்கும் இதே கதைதான்.

ஆக என் கிட்னிய என் மனைவியோட உடம்பு ஏத்துக்காததுக்கு காரணம் எங்க பிள்ளைங்கள அவ சுமந்தது. அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியில ஜாலான் ஈப்போ நெரிசல்ல மாட்டிகிட்டு ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் பேசவே இல்ல. அப்புறம் அவதான் சொன்னா, "என்னங்க, என் உடம்புக்கு உங்கள ரொம்ப நல்லா ஞாபகம் இருக்கு போல." எனக்கு கண்ணு கலங்கிருச்சு, காடிய ஓரமா நிப்பாட்டிட்டேன்.

அந்த ஆன்டிபாடிய வடிகட்டி எடுத்துட்டு வைக்கற வழியும் இருக்கு, ஆனா அதுக்கு தேவை வரல. அவ தம்பி, எனக்கு மச்சான், கிள்ளான் போர்ட்ல லோரி ஓட்டறவர், விஷயம் கேள்விப்பட்ட ராத்திரியே வந்து நின்னார். "அத்தான், எனக்கு ஒண்ணு போதும்லா, இன்னொண்ண அக்காவுக்கு வச்சிருங்க"ன்னார். கூடப் பொறந்தவங்களுக்குள்ள அடையாளம் முழுசா ஒத்துபோக நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, துளிகூட ஒத்து போகாம இருக்க நாலுல ஒரு பங்கு, பாதி பொருந்த பாதி வாய்ப்பு. இவங்களுக்கு பாதி பொருந்துச்சு, கிராஸ்மேட்ச் நெகட்டிவ். 2018 மார்ச்ல ஆப்பரேஷன். நெறைய பேர் நினைக்கற மாதிரி பழைய கிட்னிய எடுக்கல, அது ரெண்டும் அங்கயே இருக்கு, புதுசு அடிவயித்துல வலது பக்கம் இருக்கு, கைய வச்சா தொட்டு பாக்கலாம்.

1954ல பாஸ்டன்ல டாக்டர் ஜோசப் மரே மொத மொதல்ல வெற்றியா ஒரு கிட்னிய மாத்தி வச்சார்னு படிச்சிருப்பீங்க. அது நின்னதுக்கு காரணம் குடுத்தவரும் வாங்கினவரும் ஒரே கருவுல பொறந்த இரட்டையர், அடையாளம் அச்சு அசல் ஒண்ணு, செல்லுங்களுக்கு வித்தியாசமே தெரியல. இரட்டையர் இல்லாத நம்மள மாதிரி மத்தவங்களுக்கு மருந்து வேணும். நம்ம ஊர்ல 1975ல கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில மொத கிட்னி மாத்தினப்ப இப்ப உள்ள மாத்திரைங்க எதுவும் புழக்கத்துல இல்ல, அசாதயோபிரின்னும் ஸ்டீராய்டும்தான். அந்த காலத்துல குடுத்தவங்களையும் வாங்கினவங்களையும் நான் பல தடவ நினைச்சிக்குவேன், எவ்வளவு தைரியம்.

இப்ப செல்லுங்க விஷயத்துக்கு வர்றேன். எங்க பார்த்தாலும் பேரு வர்றது டி செல், ரத்தத்துல உள்ள வெள்ளை அணுக்கள்ல ஒரு வகை. சாதாரணமா ஒரு கிருமி உள்ள வந்தா அந்த கிருமிய அடையாளம் கண்டுக்கற டி செல்லு லட்சத்துல ஒண்ணு இருந்தாலே பெருசு, அது பெருகி படையா ஆகறதுக்கு நாளு எடுக்கும். ஆனா அடுத்தவரோட எச்எல்ஏய பாத்தா நூத்துக்கு ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் டி செல்லுங்க ஒரேயடியா கிளம்பிரும். ஒரு நோய் கிருமிக்கு கிளம்பறத விட தம்பியோட கிட்னிக்கு கிளம்பற கூட்டம் எத்தனையோ மடங்கு பெருசு. என் மனைவியோட எதிர்ப்பு சக்தி கம்மின்னு அந்த அக்கா சொன்னாங்களே, உண்மையில அது கம்மியே இல்ல, பயங்கர தெம்பா இருக்கு, மாத்திரைதான் அத கைய புடிச்சி நிப்பாட்டி வச்சிருக்கு.

எப்படி நிப்பாட்டுதுன்னு தெரிஞ்சிக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. ஒரு டி செல்லு அடுத்தவர் அடையாளத்த பாத்ததும் அதுக்குள்ள கால்சினியூரின்னு ஒண்ணு முழிச்சிக்கும், அது முழிச்சா ஐஎல்-2ன்னு ஒரு சேதி சரக்க அந்த செல்லு தயார் பண்ணும், அந்த ஐஎல்-2தான் "பெருகு, பெருகு"ன்னு தனக்கும் பக்கத்துல உள்ளவனுக்கும் சொல்ற குரல். அவ காலையில ராத்திரியில எட்டு மணிக்கு போடற டாக்ரோலிமஸ் அந்த கால்சினியூரின்ன மடக்கிரும், குரலே எழும்பாது. இந்த மருந்து 1984ல ஜப்பான்ல சுகுபா மலை பக்கத்து மண்ணுல இருந்த ஒரு நுண்ணுயிர்ல கண்டுபிடிச்சது. அதுக்கு முன்ன வந்த சைக்ளோஸ்போரின் நார்வே மண்ணுல இருந்த ஒரு பூஞ்சையில கெடச்சது. மண்ணுல கெடந்த ஒண்ணு என் மனைவிய ஏழு வருஷமா சமையல்கட்டுல நிக்க வச்சிருக்கு, அத நினைச்சாலே எனக்கு கும்பிடணும் போல இருக்கும். ரெண்டாவது மாத்திரை மைக்கோஃபினோலேட். ஒரு செல்லு ரெண்டாகணும்னா டிஎன்ஏ எழுத்துங்கள புதுசா செய்யணும், மத்த செல்லுங்க பழச எடுத்து திரும்ப ஓட்டிக்கும், டி செல்லும் ஆன்டிபாடி செய்யற பி செல்லும் அப்படி சமாளிக்க முடியாம புதுசா செஞ்சிதான் ஆகணும், அந்த செய்யற எடத்துலதான் இந்த மருந்து அடைக்குது. மூணாவது பிரெட்னிசோலோன், அது எல்லா பக்கமும் தண்ணி தெளிச்சி அணைக்கற மாதிரி, இனிப்பயும் ஏத்தி விடும், அவளுக்கு அதனால இன்சுலின் போட வேண்டியதாச்சு. ஆப்பரேஷன் அன்னிக்கும் நாலாம் நாளும் பாசிலிக்சிமாப்னு ஒரு ஊசி போட்டாங்க, அது ஐஎல்-2 குரல கேக்கற காத அடைச்சிரும்.

ஒண்ண கவனிங்க. தெனமும் போடற இந்த மாத்திரைங்க பெரும்பாலும் டி செல்ல கொல்றதில்ல. எழும்ப விடாம, பெருக விடாம புடிச்சி வச்சிருக்கு, அவ்வளவுதான். கிருமிய இது வரைக்கும் பாக்காத புது செல்லுங்கள அடக்கறது சுலபம், ஏற்கனவே பாத்து பழகின நினைவு செல்லுங்கள அடக்கறது கஷ்டம், அதுக்கு அவ்வளவு குரல் குடுக்க வேண்டியதில்ல, லேசா தட்டினாலே எழுந்துரும். பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்திரைன்னு சொன்னா அது பன்னெண்டு மணி நேரம்தான், "நாளைக்கு சேத்து போட்டுக்கலாம்"னு ஒண்ணு கெடையவே கெடையாது.

ஆனா புடிச்சி வைக்கறதுக்கும் ஒரு வெல இருக்கு, எங்களுக்கு அது ஒம்பதாவது மாசத்துல வந்துச்சு. பிகே வைரஸ். இந்த பேரு 1971ல இந்த வைரஸ் மொத மொதல்ல கெடச்ச ஒரு கிட்னி நோயாளியோட பேர்ல உள்ள எழுத்துங்க. நம்மள்ல முக்காவாசிக்கு மேல சின்ன வயசுலயே இது தொத்தி, சளி காச்சல் மாதிரி கூட தெரியாம, கிட்னியில போய் படுத்துக்கும். டி செல்லுங்க காவலுக்கு இருக்கற வரைக்கும் அது எழுந்துக்காது. காவல கட்டிப் போட்டா எழுந்துரும், எழுந்து புது கிட்னியோட குழாய் செல்லுங்களயே தின்ன ஆரம்பிச்சிரும். அத நேரா கொல்ற மருந்துன்னு நம்பி குடுக்க ஒண்ணும் இல்ல, இருக்கற ஒரே நல்ல வழி மாத்திரைய கொறைச்சி டி செல்லுங்களுக்கு கொஞ்சம் கயிற விடறது. டாக்டர் மைக்கோஃபினோலேட்ட பாதியா கொறைச்சார். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ரத்தம், வைரஸ் எண்ணிக்கை எறங்கிகிட்டே வந்துச்சு, நாங்க பத்துமலைக்கு போய் அடிவாரத்துல நின்னு கும்பிட்டுட்டு வந்தோம், கூட்டத்துக்கு பயந்து படி ஏறல.

அதுக்கப்புறம் அஞ்சு மாசத்துல கிரியேட்டினின் ஏற ஆரம்பிச்சிச்சு, அது கிட்னி வடிகட்டி வெளிய அனுப்ப வேண்டிய ஒரு கழிவு, ரத்தத்துல ஏறினா கிட்னி சரியில்லன்னு அர்த்தம். வழக்கமா மைக்ரோமோல் கணக்குல 98, 100ன்னு நிக்கற நம்பர் 121 ஆச்சு, அடுத்த தடவ 158. வலி இல்ல, காச்சல் இல்ல, ஒண்ணுக்கு நல்லாத்தான் போச்சு, அவ அன்னிக்கு காலையில தோசை சுட்டு வச்சிட்டு வந்திருந்தா. டாக்டர் உடனே படுக்க சொல்லிட்டார், பையாப்சி. அடிவயித்துல ஊசிய விட்டு கிட்னியில இருந்து நூல் மாதிரி ஒரு துண்டு எடுத்தாங்க, அப்புறம் மேல மணல் பைய வச்சி ஆறு மணி நேரம் அசைய கூடாதுன்னுட்டாங்க. மிஸ்ஸி ஒருத்தங்க, மலாய்க்கார நர்ஸ் பொண்ணு, பக்கத்துலயே இருந்து அவ கால தேச்சி விட்டுகிட்டே இருந்தாங்க, அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கல.

ரெண்டு நாள் கழிச்சி டாக்டர் கம்ப்யூட்டர் திரைய எங்க பக்கம் திருப்பினார். நான் அத எதிர்பாக்கல. ரோஸ் கலர்ல வட்ட வட்டமா குழாய்ங்க, வெட்டி வச்ச முறுக்கு மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகிட்டு, ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவுல வெளுப்பா ஓட்டை. அதுக்கு இடையில, சட்டியில கடுகு கொட்டினாப்ல, கருநீலமா புள்ளி புள்ளியா. "இதுதான் லிம்போசைட், முக்கால்வாசி டி செல்"ன்னார். நான் கிட்ட போய் பாத்தேன். பெரும்பாலான புள்ளிங்க குழாய்க்கு வெளியில கூட்டமா நிக்குது. ஒரு எடத்துல, ஒரு வட்டத்தோட சுவத்துலயே, அஞ்சாறு புள்ளி கோட்ட தாண்டி உள்ள நுழைஞ்சி நிக்குது. குழாய் செல்லுங்க நடுவுல இடிச்சிகிட்டு, ஒவ்வொண்ணயும் சுத்தி ஒரு மெல்லிசான வெள்ளை வளையம். என் மனைவியோட செல்லு, என் மச்சானோட செல்லு மேல கை வைக்கற அந்த நேரம், படமா என் கண்ணு முன்னாடி.

நான் கேட்டேன், "டாக்டர், இதுங்க வைரஸ பிடிக்க வந்ததா, கிட்னிய அடிக்க வந்ததா?" அவர் கொஞ்ச நேரம் என்னய பாத்துட்டு, "அதுதான் கேள்வி. பாத்தா சொல்ல முடியாது"ன்னார்.

இத படிக்கறவங்க இந்த எடத்துல கொஞ்சம் நில்லுங்க. பிகே வைரஸ் குழாய்க்குள்ள இருந்தா அத வேட்டையாட இதே நீலப் புள்ளிங்கதான் சுவத்த தாண்டி உள்ள வரும். கிட்னிய ஏத்துக்காம நிராகரிச்சாலும் இதே நீலப் புள்ளிங்கதான் இதே மாதிரி உள்ள வரும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வைத்தியமோ நேர் எதிர். வைரஸ்னா மருந்த இன்னும் கொறைக்கணும், நிராகரிப்புன்னா மருந்த ஏத்தணும். தப்பா எடுத்தா கிட்னி போயிரும். அதனால எஸ்வி40ன்னு ஒரு தனி சாயம் ஏத்தி பாப்பாங்க, பிகே வைரஸ் இருக்கற செல்லோட கரு பழுப்பா மாறி காட்டி குடுத்துரும். எங்களுக்கு அந்த சாயம் எங்கயும் ஏறல. ரத்தத்துலயும் வைரஸ் அனேகமா போயிருந்துச்சு. வைரஸ துரத்த கயிற விட்ட செல்லுங்க, வேலைய முடிச்சிட்டு, அடுத்தாப்ல மச்சான் கிட்னி பக்கம் திரும்பியிருந்துச்சு.

மூணு நாள் நரம்பு வழியா ஸ்டீராய்டு, ஒரு நாளைக்கு 500 மில்லி கிராம். மூணு ராத்திரியும் அவளுக்கு தூக்கம் இல்ல, இனிப்பு மில்லிமோல் கணக்குல இருபதுக்கு மேல போச்சு, மூஞ்சி வீங்கிருச்சு. நாலாவது நாள் கிரியேட்டினின் 140, அடுத்த வாரம் 118. அதுக்கப்புறம் பழைய 98க்கு வரவே இல்ல, 115, 120ன்னு அங்கயே நிக்குது, எங்களுக்கு அது போதும். மச்சான்கிட்ட மெதுவா விஷயத்த சொன்னப்ப அவர் கேட்டது ஒண்ணுதான், "அக்கா அழுதாங்களா?"

அன்னிக்கு இருந்து அந்த செல்லுங்கள எதிரின்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதுங்க இல்லன்னா பிகே வைரஸே இந்த கிட்னிய முடிச்சிருக்கும். "எதிர்ப்பு சக்தி"ன்னு ஒரே வார்த்தையில, டேங்க்ல பெட்ரோல் மாதிரி, கூட கம்மின்னு நாம பேசறதுதான் எல்லா குழப்பத்துக்கும் காரணம்னு எனக்கு தோணுது. சீந்தில் எதுக்கு வேணாம்னா, அது எந்த செல்ல எழுப்பும், எந்த நேரத்துல எழுப்பும்னு யாரும் அளந்து சொல்ல முடியாது. இந்தியாவுல கோவிட் சமயத்துல சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிச்சவங்கள பத்தி அங்க உள்ள டாக்டர்ங்களே எழுதியிருக்காங்க, சொந்த எதிர்ப்பு செல்லுங்களே ஈரல தாக்கின மாதிரியான பாதிப்பு. கிட்னி மாத்தி வச்சவங்களுக்கு அந்த பக்கமே போக கூடாது, எவ்வளவு அன்பா குடுத்தாலும்.

கோவிட் தடுப்பூசி வந்தப்ப இன்னொரு பாடம் படிச்சோம். 2021ல அவளுக்கு ரெண்டு ஊசி போட்டாச்சு, பிரைவேட் லேப்ல வெள்ளி குடுத்து ஆன்டிபாடி பாத்தோம், சுத்தமா இல்ல. எனக்கு தரைய காலுக்கு அடியில இருந்து உருவின மாதிரி இருந்துச்சு. அந்த வருஷம் பிரான்ஸ்ல தூலூஸ்ல உறுப்பு மாத்தின 101 பேர பாத்திருக்காங்க, ரெண்டு ஊசிக்கு அப்புறம் 40 சதவீதம் பேருக்குத்தான் ஆன்டிபாடி வந்திருக்கு, மூணாவது ஊசிக்கு அப்புறம் 68 சதவீதம். ஆன்டிபாடி செய்யற பி செல்லுக்கு டி செல்லு உதவி வேணும், ரெண்டும் பெருகணும், மைக்கோஃபினோலேட் ரெண்டயும் பெருக விடாது. மூணாவது ஊசியில அவளுக்கு கொஞ்சம் ஏறிச்சு. ஆன்டிபாடி வராத சில பேருக்கும் டி செல்லு பதில் இருக்கலாம்னு டாக்டர் சொன்னார், ஆனா அத நம்ம லேப்ல போய் கேட்டா பாத்து சொல்லிற முடியாது. அதனால பையன், பொண்ணு, நான், மச்சான் வீட்டுல எல்லாரும் ஊசி போட்டு அவள சுத்தி வேலி மாதிரி நின்னோம், ஒரு வருஷம் வாசல்ல நின்னுதான் பேரப்பிள்ளைய காட்டினாங்க.

ரத்த டெஸ்ட் பத்தி ஒண்ணு, இது நெறைய பேர் தப்பு பண்றது. டாக்ரோலிமஸ் அளவு பாக்க போற அன்னிக்கு காலை மாத்திரைய போடாம போகணும், ரத்தம் எடுத்த பின்னாடிதான் போடணும், ராத்திரி மாத்திரை எறங்கி அடிமட்டத்துல எவ்வளவு நிக்குதுன்னுதான் அவங்க பாக்கறாங்க. போட்டுட்டு போனா நம்பர் ஏறி காட்டும், அத நம்பி கொறைச்சா ஆபத்து. இன்னொண்ணும் சொல்லணும், அந்த நம்பர் ரத்தத்துல மருந்து எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும், செல்லு என்ன நினைச்சிகிட்டு இருக்குன்னு சொல்லாது. ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் இருக்கும், ஒருத்தருக்கு வைரஸ் வரும், ஒருத்தருக்கு நிராகரிப்பு வரும்.

சாப்பாட்டுல எங்க வீட்டுல போனது மூணு. கோப்பிக்கடை பாதி வெந்த முட்டை, சார் குவாய் தியாவ் நூடுல்ஸ்ல போடற அரைவேக்காட்டு கெராங் சிப்பி, அப்புறம் லிமாவ் பாலி, அதாவது பம்ளிமாஸ் பழம். முட்டையும் கெராங்கும் கிருமிக்காக. லிமாவ் பாலி கதை வேற, அந்த பழத்துல உள்ள ஒண்ணு கொடல்ல மருந்த ஒடைக்கற என்சைம்ம முடக்கிரும், டாக்ரோலிமஸ் ரத்தத்துல கிடுகிடுன்னு ஏறிரும். ஈப்போவுல இருந்து வருஷா வருஷம் சீன புத்தாண்டுக்கு என் அண்ணன் தம்புன் பழம் ஒரு மூட்டை கொண்டு வருவார், சொல்லி சொல்லி பாத்துட்டு, இப்ப அவரே அத காடியிலயே வச்சிட்டு வீட்டுக்குள்ள வாழப்பழ சீப்போட வர்றார்.

போன அக்டோபர்ல, 2025ல, மருத்துவ நோபல் பரிசு யாருக்குன்னு செய்தியில சொன்னப்ப நான் சாப்பிட்டுகிட்டு இருந்த கையோட எழுந்து நின்னுட்டேன். மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. டி செல்லுங்கள்லயே ஒரு சின்ன கூட்டம் மத்த டி செல்லுங்கள அடக்கி வைக்குதுன்னு சகாகுச்சி 1995ல காட்டினார், அந்த கூட்டத்துக்கு சாவி ஃபாக்ஸ்பி3ங்கற மரபணுன்னு மத்த ரெண்டு பேர் வழியா தெரிய வந்துச்சு. பேரு ரெகுலேட்டரி டி செல். அடிக்க போற செல்ல தோள்ல கை போட்டு நிப்பாட்டற பெரியவங்க மாதிரி. இதுல மனச உறுத்தற ஒண்ணு, அந்த நல்ல செல்லுக்கு உயிர் வாழ ஐஎல்-2 வேணும், தானா செஞ்சிக்க தெரியாது, பக்கத்துல உள்ளவன் செய்யறத வச்சித்தான் ஓட்டுது. டாக்ரோலிமஸ் அந்த ஐஎல்-2வயே நிப்பாட்டுது. அடிக்கறவனயும் அடக்கறவனயும் ஒரே மாத்திரை சேத்து பட்டினி போடுது.

அந்த அடக்கற செல்லுங்கள நோயாளி ரத்தத்துல இருந்தே எடுத்து வெளியில வளர்த்து திரும்ப ஏத்தி பாக்கற ஆராய்ச்சி நடக்குது. ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் சேந்து பண்ண தி ஒன் ஸ்டடின்னு ஒண்ணு 2020ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு, உயிரோட இருக்கறவங்ககிட்ட கிட்னி வாங்கினவங்களுக்கு இந்த மாதிரி செல்லுங்கள குடுத்து பாத்ததுல நிராகரிப்பு கூடல, வைரஸ் தொல்லை கொறைவா இருந்துச்சு, சில பேருக்கு மைக்கோஃபினோலேட்ட நிப்பாட்டவும் முடிஞ்சது. சின்ன ஆராய்ச்சிதான், நாளைக்கே நம்ம கிளினிக்குக்கு வந்துராது, என் மனைவி காலத்துல வருமோ என்னவோ. இருந்தாலும் அன்னிக்கு ராத்திரி நான் அத அவளுக்கு வரி வரியா படிச்சி காட்டினேன், அவ காய் நறுக்கறத நிப்பாட்டிட்டு கேட்டா. முடிச்சதும், "அப்ப என் உடம்புக்குள்ளயும் அந்த நல்ல செல்லு இருக்கா?"ன்னா. இருக்கு, ஒவ்வொருத்தர் உடம்புலயும் இருக்குன்னேன். "பாவம், அதுக்கும் சேத்துத்தான மாத்திரை போடறேன்"னு சொல்லிட்டு திரும்ப வெண்டிக்காய் நறுக்க ஆரம்பிச்சா.

வர்ற ஞாயித்துக்கிழமை அந்த போத்தல் குடுத்த அக்கா வீட்டுக்கு ரெண்டு பேரும் போறோம். கழுவி வச்ச போத்தல்ல என் மனைவி எலுமிச்ச ஊறுகா போட்டு வச்சிருக்கா, அவங்களுக்கு குடுக்க. டாக்டர்கிட்ட கேட்டு வாங்கின பையாப்சி படம் என் போன்ல இருக்கு. மொதல்ல அந்த நீலப் புள்ளிங்கள காட்டிட்டுத்தான் பேச்ச எடுப்பேன்.